மக்கள் எதனால் சாகிறார்கள்? நூறு வருஷத்துக் கணக்கு

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய படிப்பு வகுப்பில் பேசியது)



இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் சாவு. பஞ்சப்படி, போனஸ், கூலி, பட்டா என்று பேச எத்தனையோ இருக்கும்போது சாவைப் பற்றி என்ன பேச்சு என்று சில தோழர்கள் கேட்டார்கள். பிறந்தவன் ஒரு நாள் சாகத்தானே வேண்டும், இதில் படிப்பதற்கு என்ன இருக்கிறது என்றும் கேட்டார்கள்.

இருக்கிறது தோழர்களே. எல்லோரும் ஒரு நாள் சாகத்தான் வேண்டும். ஆனால் எந்த வயதில் சாகிறோம், எந்த நோயில் சாகிறோம் என்பது எல்லோருக்கும் ஒன்றுபோல இல்லை. காலத்துக்குக் காலம் அது மாறியிருக்கிறது. ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு அது வேறுபடுகிறது. ஏன் மாறியது, யார் மாற்றினார்கள், ஏன் இன்னும் வேறுபடுகிறது என்று தெரிந்துகொண்டால் நம்மில் பலருடைய ஆயுளை நாமே நீட்டிக்கொள்ள முடியும். ஆகவேதான் இந்தப் பேச்சு.

போன மாதம் நம் தோழர் ஒருவரை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். ஸ்பின்னிங் பகுதியில் இருபத்தாறு வருஷம் நின்று வேலை செய்தவர். வயது நாற்பத்தெட்டு. இராத்திரி ஷிப்டு முடிந்து விடியற்காலையில் வீட்டுக்கு வந்தவர், நெஞ்சு அடைக்கிறது என்றார். வாய்வு என்று நினைத்து சோடா வாங்கிக் கொடுத்தார்கள். உடம்பு வேர்த்துக் கொட்டியது. சற்றுப் படுத்தால் சரியாகிவிடும் என்று படுத்தார். எட்டு மணிக்குமேல்தான் ஆட்டோ பிடித்தார்கள். பாதி வழியில் உயிர் போய்விட்டது. மயானத்தில் ஒரு பெரியவர் சொன்னார்: “அவன் விதி அவ்வளவுதான்.” யாரும் பதில் பேசவில்லை. நாமும் பேசவில்லை. அது பேசும் இடமல்ல. ஆனால் அந்த வார்த்தைக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும். அதைத்தான் இன்று சொல்லப் போகிறோம்.

பெயர்கள் சொல்லும் கணக்கு

நம் ஊர்களில் வயதானவர்களின் பெயர்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். குப்புசாமி, குப்பம்மாள், பிச்சை, பிச்சையம்மாள். முதலில் பிறந்த பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துப்போனால், அடுத்துப் பிறந்த பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்துக் குப்பம்மாள் என்று பெயர் வைப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துத் தவிட்டுக்கு விலை பேசித் திரும்ப வாங்குவார்கள். இது யாருக்கும் வேண்டாத பிள்ளை, எமன் இதைத் திரும்பிப் பார்க்க மாட்டான் என்று நம்பினார்கள். நம் பாட்டிமாரிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? “பெத்தது ஒம்பது, தங்கினது நாலு” என்பார்கள். பெற்றதற்கு ஒரு கணக்கு, தங்கியதற்கு ஒரு கணக்கு.

இது நம் பாட்டிமாரின் கதை மட்டுமல்ல. அன்றைய இந்தியா முழுவதற்கும் இதுதான் கணக்கு. வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலத்தில், 1943-ல், நாட்டு மக்களின் சுகாதார நிலையை ஆராய போர் கமிட்டி என்று ஒன்றை நியமித்தார்கள். சர் ஜோசப் போர் அதன் தலைவர். நம் சென்னையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமணசாமி முதலியாரும் அதில் ஒரு அங்கத்தினர். 1946-ல் அந்தக் கமிட்டி அறிக்கை கொடுத்தது. அதில் என்ன சொன்னார்கள்? பிரிட்டிஷ் இந்தியாவில் சாகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பத்து வயது நிரம்பாத குழந்தைகள்! இங்கிலாந்திலோ அது பத்தில் ஒரு பங்குதான். வருஷத்துக்கு சுமார் 2 லட்சம் தாய்மார்கள் பிள்ளைப்பேற்றில் செத்துக்கொண்டிருந்தார்கள். வைத்தியம் பார்க்க ஆறாயிரம் பேருக்குமேல் ஒரு டாக்டர்தான் இருந்தார். அந்த ஒருவரும் பெரும்பாலும் பட்டணத்தில்தான் இருந்தார்.

சராசரி ஆயுள் என்று ஒரு கணக்கு உண்டு. 1911-லிருந்து 1921 வரையுள்ள பத்து வருஷங்களில் இந்தியனின் சராசரி ஆயுள் சுமார் 20 வருஷம். 1951-ல் அது 32. இதற்கு அர்த்தம் எல்லோரும் முப்பத்திரண்டு வயதில் செத்தார்கள் என்பதல்ல. அன்றும் எழுபது வயதுக் கிழவர்கள் இருந்தார்கள். ஆனால் தொட்டிலிலேயே செத்த குழந்தைகளையும் சேர்த்துக் கூட்டி வகுத்தால் முப்பத்திரண்டுதான் வருகிறது.

பஞ்சமும் கொள்ளை நோயும்

அன்று மக்களைக் கொன்றது எது? தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1876-லிருந்து 1878 வரை சென்னை ராஜதானியையும், மைசூர், பம்பாய், ஐதராபாத் பகுதிகளையும் வாட்டிய பஞ்சம் அது. சர்க்காரே ஒப்புக்கொண்ட கணக்குப்படி பிரிட்டிஷ் பிரதேசத்தில் மட்டும் சுமார் 55 லட்சம் பேர் செத்தார்கள். அந்தப் பஞ்சத்தின் நடுவில், 1877 ஜனவரி 1-ந் தேதி, விக்டோரியா ராணியை இந்தியாவின் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்ய வைஸ்ராய் லிட்டன் டில்லியில் ஒரு பெரிய தர்பார் நடத்தினார். பஞ்ச நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும் கூலி அதிகம் என்று சொல்லி, ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி அதை நாளுக்கு ஒரு ராத்தல் அரிசியாகக் குறைத்தார். ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோ கூட இல்லை. அதைத் தின்றுவிட்டு நாள் முழுவதும் மண் வெட்ட வேண்டும். பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி அந்தப் பஞ்சக் கூலிகள் வெட்டியதுதான். அந்த வருஷங்களில்கூட இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதி நிற்கவில்லை.

பிறகு 1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. அடுத்த இருபது, முப்பது வருஷங்களில் அது இந்தியாவில் ஒரு கோடிப் பேருக்குமேல் கொன்றது. 1918-ல் விஷக் காய்ச்சல் வந்தது. இன்புளூயன்சா என்று அதற்குப் பெயர். முதல் உலக யுத்தத்திலிருந்து திரும்பிய கப்பல்களோடு பம்பாயில் இறங்கிய அந்தக் காய்ச்சலுக்குச் சில மாதங்களில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் பலியானார்கள். 1911-ல் 25 கோடியே 21 லட்சமாக இருந்த ஜனத்தொகை 1921-ல் 25 கோடியே 13 லட்சமாகிவிட்டது. பத்து வருஷத்தில் ஜனத்தொகை கூடுவதற்குப் பதிலாகக் குறைந்தது!

கடைசியாக 1943-ல் வங்காளப் பஞ்சம். சுமார் 30 லட்சம் பேர் செத்தார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இந்தப் பஞ்சத்தில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, யார் செத்தார்கள் என்பது. விவசாயக் கூலிகளும் மீனவர்களும்தான் மிக அதிகமாகச் செத்தார்கள். யுத்த காலத்தில் அரிசி விலை எகிறியது, கூலி எகிறவில்லை. அரிசி கடையில் இருந்தது, வாங்கக் கையில் காசு இல்லை. இரண்டாவது, எப்படிச் செத்தார்கள் என்பது. பாதிக்கு மேற்பட்ட சாவுகள் 1943 முடிந்து, புது நெல் களத்துக்கு வந்த பிறகுதான் நடந்தன. பட்டினியால் நொறுங்கிய உடம்பை மலேரியாவும், வாந்திபேதியும், பெரியம்மையும் வந்து எடுத்துக்கொண்டு போயின. சாவுப் பதிவேட்டில் ‘காய்ச்சல்’ என்றுதான் எழுதியிருக்கும். ‘கூலி போதாமை’ என்று எந்தப் பதிவேட்டிலும் எழுத மாட்டார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடி பேசுவோம்.

மாற்றியது யார்?

இனி அடுத்த பக்கத்தைப் பார்ப்போம். 1941-லிருந்து 1951 வரையுள்ள காலத்தில் ஆயிரம் பேருக்கு வருஷத்துக்கு 27 பேர் செத்தார்கள். 1971-ல் அது 15. 2020-ல் அது 6. பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவர்கள் 1971-ல் 129. 2020-ல் 28. சராசரி ஆயுள் 32-லிருந்து சுமார் 70 ஆகியிருக்கிறது. எந்த மகா ராஜ்யத்திலும் இது சின்ன விஷயமல்ல. குப்பம்மாள் என்று இன்று யாரும் பெயர் வைப்பதில்லை. வைக்கத் தேவையில்லாமல் போய்விட்டது.

விதி மாறியதா? இல்லை. மனிதர்கள் மாற்றினார்கள். எப்படி மாற்றினார்கள் என்று நான்கு உதாரணங்கள் சொல்கிறோம்.

முதலில் மலேரியா. சுதந்திரம் வந்தபோது வருஷத்துக்கு 7½ கோடிப் பேருக்கு மலேரியா வந்தது, 8 லட்சம் பேர் செத்தார்கள். 1953-ல் மலேரியா ஒழிப்பு வேலையைத் தேசிய அளவில் ஆரம்பித்தார்கள். வீடு வீடாக டி.டி.டி. மருந்து அடித்தார்கள். 1965-ல் நோயாளிகள் எண்ணிக்கை சுமார் ஒரு லட்சமாக இறங்கிவிட்டது. அதோடு ‘வேலை முடிந்தது’ என்று அசந்துவிட்டார்கள். கொசு மருந்துக்குப் பழகிக்கொண்டது. 1976-ல் மறுபடி 64 லட்சம் பேருக்குக் காய்ச்சல் வந்தது. வென்ற இடத்தைக் காவல் காக்காவிட்டால் எதிரி திரும்பி வருவான் என்பது போராட்டத்தில் மட்டுமல்ல, கொசுவின் விஷயத்திலும் உண்மை.

இரண்டாவது பெரியம்மை. மாரியாத்தா வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டிய காலத்தை வயதானவர்கள் கண்டிருக்கிறார்கள். 1958-ல் உலக சுகாதார மாநாட்டில், பெரியம்மையை உலகத்திலிருந்தே ஒழிக்கலாம் என்று சோவியத் பிரதிநிதி விக்டர் ஷ்தானோவ் தீர்மானம் கொண்டுவந்தார். சோவியத் நாடு கோடிக்கணக்கில் அம்மைப் பாலைக் கொடுத்தது. இயக்கத்துக்குத் தலைமை வகித்தவர் ஹெண்டர்சன் என்ற அமெரிக்க டாக்டர். இரு நாடுகளும் எதிரெதிராக நின்ற காலத்திலேயே இந்த ஒத்துழைப்பு நடந்தது. 1974-ல் கூட இந்தியாவில், முக்கியமாகப் பீகாரில், 30,000 பேருக்குமேல் பெரியம்மையில் செத்தார்கள். லட்சத்துக்கு மேற்பட்ட ஊழியர்கள் வீடு வீடாகப் போய் நோயாளியைத் தேடினார்கள். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்துவிட்டது. தேடியவர்கள் பெரிய மேதைகளல்ல. மாதச் சம்பளத்துக்கு நடந்தே திரிந்த சாதாரண ஊழியர்கள்.

மூன்றாவது வாந்திபேதி. 1971-ல் கிழக்கு வங்கத்தில் நடந்த போரினால் லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி வந்தார்கள். பாங்காவ் என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் காலரா நோயாளிகள் தரையில் வரிசை வரிசையாகக் கிடந்தார்கள். நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் என்ன செய்தார்? சமையல் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் அளவாகத் தண்ணீரில் கரைத்து, நோயாளியின் சொந்தக்காரர்களிடமே கொடுத்து வாயால் குடிக்கவைக்கச் சொன்னார். அதுவரை நூற்றுக்கு முப்பது பேர்வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில், சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிறார்களே ஓ.ஆர்.எஸ். பொட்டலம், அது அந்த வழியில் வந்ததுதான்.

நான்காவது காசநோய். நம் சென்னையிலேயே நடந்த கதை இது. அந்தக் காலத்தில் காசநோய் வந்தால் தாம்பரம் சானடோரியம் போன்ற இடத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். படுக்கை கிடைக்காத ஏழை என்ன செய்வான்? 1956-ல் சென்னையில் ஒரு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். நகரத்தின் ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சானடோரியத்திலும், இன்னொரு பிரிவை அவரவர் குடிசையிலேயே வைத்தும் மருந்து கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வெளியாயிற்று. இரண்டு பிரிவும் ஒன்றுபோலக் குணமாயின. நெருக்கடியான வீட்டில் உடனிருந்தவர்களுக்கும் அதனால் நோய் அதிகமாகப் பரவவில்லை. உலகம் முழுவதும் காசநோய் வைத்தியமே இதனால் மாறியது.

ஆனால் காசநோய் ஒழியவில்லை. உலகத்தில் காசநோய் வருகிறவர்களில் நாலில் ஒருவர் இந்தியர். வருஷத்துக்குச் சுமார் 3 லட்சம் பேர் நம் நாட்டில் அதில் சாகிறார்கள். மருந்து இருந்தும் ஏன்? 2023-ல் வெளியான ஜார்க்கண்ட் ஆராய்ச்சி ஒன்று இதற்குப் பதில் சொல்கிறது. அங்கே மருந்தோடு மாதந்தோறும் அரிசி, பருப்பு, எண்ணெய், பால் மாவு என்று உணவும் கொடுத்தார்கள். முதல் இரண்டு மாதத்தில் எடை நன்றாகக் கூடியவர்களிடையே சாவு பாதிக்குமேல் குறைந்தது. வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் உணவு கொடுத்தபோது அவர்களுக்குக் காசநோய் வருவதும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. வயிற்றுக்குச் சோறும் ஒரு மருந்துதான்.

நோய் மாறிவிட்டது

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 1990-ல் இந்தியாவில் நடந்த நூறு சாவுகளில் 54, தொற்று நோயாலும், பிரசவத்தாலும், ஊட்டக் குறைவாலும் வந்தவை. 2016-ல் அது 28 ஆகக் குறைந்தது. மாரடைப்பு, பக்கவாதம், சுவாச நோய், சர்க்கரை, புற்று முதலியவற்றால் வந்த சாவு 38-லிருந்து 62 ஆகக் கூடியது. மீதி விபத்து முதலியவை. இன்று சாவுக்கு முதல் காரணம் மாரடைப்பு.

மாரடைப்பும் சர்க்கரையும் பணக்கார வியாதி, உடம்பு வளைந்து வேலை செய்கிற நமக்கு வராது என்று ஒரு அபிப்பிராயம் நம்மிடையே இருக்கிறது. இது தவறு. 17 நாடுகளில் ஒன்றரை லட்சம் பேரை வைத்து நடந்த ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவு 2014-ல் வெளிவந்தது. இருதய நோய்க்கு இழுத்துச் செல்லும் பழக்கங்களும் அறிகுறிகளும் பணக்கார நாட்டுக்காரனுக்குத்தான் அதிகம். ஆனால் அந்த நோயில் சாவது ஏழை நாட்டுக்காரன்தான் அதிகம். ஏன்? பணக்கார நாட்டில் இரத்த அழுத்தத்தைக் கண்டுபிடிக்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள், நெஞ்சுவலி வந்தால் உடனே ஆஸ்பத்திரி போகிறார்கள். இங்கே சோடா குடிக்கிறோம்.

நம் ஆலைத் தோழர்கள் இன்னொன்றையும் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்துவிட்டுத் திங்கட்கிழமை மெஷினுக்கு வந்ததும் மார்பு இறுக்குகிறது, மூச்சு அடைக்கிறது என்று புளோரூமிலும் கார்டிங்கிலும் வேலை செய்பவர்கள் சொல்வதுண்டு. இது பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு அடையாளம். வருஷக்கணக்கில் முற்றினால் வாரம் முழுவதும் இளைப்பு நிற்காது. ஆனால் அவர் சாகும்போது என்ன எழுதுவார்கள்? ஆஸ்துமா என்று எழுதுவார்கள். பஞ்சுத் தூசி என்று எழுத யாரும் கேட்பதில்லை. நம் வீட்டுப் பெண்கள் வருஷக்கணக்கில் விறகடுப்புப் புகையை மூச்சில் இழுத்தார்களே, அவர்களுக்கு வரும் இளைப்பும் இப்படித்தான்.

விவசாயத் தோழர்களுக்கு ஒரு கணக்கு. பாம்புக் கடியால் வருஷத்துக்குச் சில ஆயிரம் பேர்தான் சாகிறார்கள் என்று ஆஸ்பத்திரிக் கணக்குகள் சொல்லிவந்தன. பிறகு டாக்டர் பிரபாத் ஜா என்பவரும் ஜனத்தொகைப் பதிவு இலாகாவும் சேர்ந்து, பத்து லட்சம் சாவுகளை ஆராயும் வேலையை எடுத்துக்கொண்டார்கள். சாவு நடந்த வீட்டுக்கே போய், என்ன நடந்தது என்று உட்கார்ந்து கேட்டு எழுதினார்கள். தெரிந்தது என்ன? 2000-லிருந்து 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்துச் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர். வருஷத்துக்கு 58,000! பாதிச் சாவு ஜூன் முதல் செப்டம்பர் வரை, வயலில் வேலை நடக்கும் மழைக்காலத்தில். பெரும்பாலானோர் ஆஸ்பத்திரியை எட்டாமலே செத்தவர்கள். ஆகவே ஆஸ்பத்திரிக் கணக்கில் அவர்கள் இல்லை. இந்த விஷத்துக்கு மருந்து இல்லையா? இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்து. அதற்கு விஷம் எடுத்துக் கொடுப்பதில் நம் மகாபலிபுரத்துக்குப் பக்கத்தில் 1978 முதல் நடக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நாட்டிற்கே மருந்துக்கு வழி செய்பவர்கள் இருளர்கள். ஆனால் வரப்பில் கடிபட்ட கூலிக்கு அந்த மருந்து போய்ச் சேருவதில்லை.

ஒரே நாடு, பல ஆயுள்

சராசரி என்பது பலவற்றை மூடி மறைக்கும். 70 வருஷம் என்று சொன்னோமே, அது எல்லோருக்குமா? 2020-ல் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவை கேரளத்தில் 6, தமிழ்நாட்டில் 13, மத்தியப் பிரதேசத்தில் 43. 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் பிரசவத்தில் இறந்த தாய்மார்கள் கேரளத்தில் 19, தமிழ்நாட்டில் 54, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நிறைந்த அஸ்ஸாமில் 195. ஒரே தேசம், ஒரே சட்டம், பத்து மடங்கு வித்தியாசம்! 

மாகாணத்துக்கு மாகாணம் மட்டுமல்ல. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் மக்களை வசதிப்படி ஐந்து பங்காகப் பிரித்தார்கள். அடித்தட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஐந்து வயதுக்குள் இறந்தவை 59. மேல்தட்டில் 20. இந்தியாவின் ஒன்பது மாகாணங்களில் எடுத்த கணக்கை 2022-ல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். மேல்சாதி இந்துக்களைவிட ஆதிவாசியின் ஆயுள் நாலு வருஷத்துக்குமேல் குறைவு. தாழ்த்தப்பட்டவரின் ஆயுள் மூன்று வருஷத்துக்குமேல் குறைவு. வசதியைக் கழித்துப் பார்த்தாலும் இந்த வித்தியாசம் முழுவதும் போகவில்லை.

கேரளத்துக் குழந்தைக்கு விசேஷ ரத்தமா ஓடுகிறது? இல்லை. அங்கே தாய் படித்திருக்கிறாள், ஆஸ்பத்திரி நடக்கும் தூரத்தில் இருக்கிறது, நர்ஸ் இருக்கிறாள், இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கேட்கும் ஜனங்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இராத்திரியும் பகலும் நர்ஸ் இருந்து பிரசவம் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு தாயின் சாவையும் தனியே எடுத்து, எங்கே தவறு, எத்தனை மணி தாமதம் என்று விசாரித்தார்கள். சாவு குறைந்தது. விசாரிக்கிற சாவு குறைகிறது.

எழுதப்படாத சாவுகள்

இந்தியாவில் பதிவாகும் சாவுகளில் டாக்டர் காரணம் எழுதிச் சான்று கொடுப்பது 2020-ல் நூற்றுக்கு 23 கூட இல்லை. மற்றவர்கள் எதனால் செத்தார்கள் என்று எழுத்தில் இல்லை. 2020, 2021-ல் வந்த கொரோனாவை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கார் அறிவித்த கொரோனாச் சாவு அந்த இரண்டு வருஷத்துக்கு 5 லட்சத்துக்கும் குறைவு. உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீடு சுமார் 47 லட்சம். அதை இந்திய சர்க்கார் ஏற்கவில்லை. ஆனால் சர்க்காரின் சொந்தப் பதிவேட்டிலேயே 2019-ல் 76 லட்சமாக இருந்த மொத்தச் சாவுகள் 2021-ல் ஒரு கோடியே 2 லட்சமாக ஏறின. பதிவு முன்னைவிட நன்றாக நடந்ததும் ஒரு காரணம் என்றே வைத்துக்கொள்வோம். அது மட்டும் இத்தனை பெரிய ஏற்றத்துக்குப் போதுமா?

எழுதாத சாவுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பாம்புக் கடி எழுதப்படாதவரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. பஞ்சுத் தூசி எழுதப்படாதவரை முதலாளி தூசி உறிஞ்சும் யந்திரம் வைக்கத் தேவையில்லை. ஆகவேதான் கணக்கு எழுதுவதையும் நாம் ஒரு போராட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறோம்.

நாம் செய்ய வேண்டியது

நம்முடைய குறையையும் சொல்லிவிடுகிறோம். அந்தத் தோழருக்கு மூன்று வருஷமாக இரத்த அழுத்தம் இருந்ததாம். ஒரு தடவை காண்பித்திருக்கிறார். மாத்திரை தீர்ந்ததும் விட்டுவிட்டார். மறுபடி வாங்கப் போனால் ஒரு நாள் சம்பளம் போகும். சாவதற்கு ஒரு வாரம் முன்பு நம் கூட்டத்துக்கு வந்திருந்தார். சந்தா பாக்கியைப் பற்றி அவரிடம் கேட்டோம். உடம்பைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பாதி வழியில் இறந்ததால் உடலை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அவருடைய சாவுச் சான்றிதழில் காரணம் இல்லை. நாட்டின் மாரடைப்புக் கணக்கில் அவர் இல்லை.

ஆகவே தோழர்களே, ஒவ்வொரு ஆலையிலும் ஒவ்வொரு கிராமத்திலும் நாம் ஒரு நோட்டு வைப்போம். யார் இறந்தாலும் பெயர், வயது, செய்த வேலை, எதனால், முதலில் எங்கே கொண்டுபோனார்கள், எத்தனை மணி தாமதம் என்று எழுதுவோம். 1969-ம் வருஷச் சட்டப்படி 21 நாளுக்குள் சாவைப் பதிவு செய்ய உதவுவோம். வைத்தியம் பார்த்த டாக்டர் சாவின் காரணத்தைக் காசு வாங்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அதைக் கேட்டு வாங்குவோம்.

முப்பது வயது தாண்டிய எல்லோரும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குச் சம்பளத்தோடு நேரம் கொடு, அல்லது நர்ஸை ஆலைக்கே வரவழை என்று சங்கத்தின் கோரிக்கைகளில் சேர்ப்போம். நெஞ்சில் அடைப்பும் வேர்வையும் சேர்ந்து வந்தால் சோடா வேண்டாம், படுக்கை வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள். இருதய இரத்தக் குழாயில் அடைப்பைக் கரைக்கும் மருந்து முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக வேலை செய்யும்.

பாம்பு கடித்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிறு போட்டு இறுக்காதீர்கள், மந்திரிக்கப் போகாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ ஆட்டாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று மழைக்காலத்துக்கு முன்பே நாலு பேர் போய்க் கேளுங்கள். காசநோயாளிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உணவுக்குக் கொடுக்க 2024-ல் உத்தரவாகியிருக்கிறது. அது வந்து சேருகிறதா என்று விசாரியுங்கள்.

2017-ல் சர்க்காரே ஒரு கொள்கை வகுத்தது. 2025-க்குள் தேச வருமானத்தில் நூற்றுக்கு இரண்டரை ரூபாய் சுகாதாரத்துக்குச் செலவிடுவோம் என்றது. 2021-22-ல் செலவிட்டது 1 ரூபாய் 84 காசு. அந்த வித்தியாசத்தில் எத்தனை நர்சுகள், எத்தனை ஆம்புலன்சுகள், எத்தனை மாத்திரைகள்! இதை ஒவ்வொரு மேடையிலும் கேட்க வேண்டும்.

மயானத்தில் அந்தப் பெரியவர் விதி என்று சொன்னதற்கு அவர்மேல் நமக்குக் கோபமில்லை. அவருடைய தாயும் பிள்ளைகளைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்தவளாக இருக்கலாம். அந்தக் காலத்தில் அதைத் தவிர வேறு வழி அவர்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். பெரியம்மை போயிற்று, பிளேக் போயிற்று, பஞ்சச் சாவு போயிற்று. நாற்பத்தெட்டு வயதில் நடக்கும் சாவும் போகக் கூடியதுதான்.

இந்தக் கூட்டம் முடிந்ததும் வாசலில் நோட்டு வைத்திருக்கிறோம். நம் தோழரின் பெயரை முதலில் எழுதியிருக்கிறோம். கடந்த ஒரு வருஷத்தில் உங்கள் தெருவிலும் உங்கள் ஷிப்டிலும் இறந்தவர்களின் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.